டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத அந்த ஒரு பக்கம்... வீட்டுக்கு வந்த பிறகு நோயாளியை எழுப்பி உட்கார வைப்பது யார்?

பனையிலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பில் ஆபரேஷன். சில வாரங்கள் கழித்து, ‘இனிமே வீட்டுல வச்சுப் பார்த்துக்கலாம்’ என்று அனுப்புகிறார்கள். குடும்பத்தின் கையில் ஒரு ஃபைல். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் விவரம், மாத்திரைப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: ‘பேக் கேர், லிம்ப் பிசியோ, ரிவ்யூ ஆஃப்டர் டூ வீக்ஸ்.’

அந்த ஒரு வரியில்தான் அவருடைய அடுத்த ஆறு மாதமும் இருக்கிறது. ஆனா, அதை வீட்டில் யாருக்கும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. ‘பேக் கேர்’ என்றால் முதுகைப் பத்திரமாகப் பார்த்துக்கச் சொல்றாங்கன்னு நினைத்து, அவரை அசைக்காமல் படுக்க வைத்துவிடுவார்கள். உண்மையில் அதன் அர்த்தம் நேர் எதிர். படுக்கைப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கணும்.

இது எந்த ஒரு தனி மனிதரின் கதையும் கிடையாது. பக்கவாதம், முதுகுத்தண்டு காயம், இடுப்பு எலும்பு முறிவு, தலைக்காயம் என்று படுத்து எழுந்த யார் வீட்டிலும் நடக்கக்கூடியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் தகவல் எங்கே அறுந்துபோகிறது? அதைச் சேர்த்துக் கட்ட என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

வேம்பாரிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

தூத்துக்குடி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரம், விளாத்திகுளம் தாலுகாவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது வேம்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடற்கரை ஊர்களில் ஒன்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பனங்காடு. மீனும் கருப்பட்டியும்தான் ஊரின் அடையாளம்.

இந்த இரண்டு தொழிலுமே உடம்பை மட்டும் நம்பி நடப்பவை. பதநீர் சீசனில் பனையேறும் தொழிலாளி ஒரே நாளில் பல மரங்கள் ஏறி இறங்குகிறார். கால் வழுக்கினால் முதலில் அடிபடுவது முதுகெலும்பும் காலும்தான். கடல் பக்கம் வந்தால், முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனாலும், தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கு குளிப்பது இன்னும் நடக்கிறது. கம்ப்ரஸர் காற்றை டியூப் வழியாக சுவாசித்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவர்கள் வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்களாக மாறும். அது முதுகுத்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும்.

இதோடு எல்லா ஊரிலும் இருக்கும் சர்க்கரை, பிரஷர், அதனால் வரும் பக்கவாதம். ஈசிஆரில் நடக்கும் பைக் விபத்துகள்.

பெரிய பாதிப்பு என்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து தேவைப்பட்டால் திருநெல்வேலி அல்லது மதுரை. உயிரைக் காப்பாற்றும் இந்தப் பாதை ஓரளவு தெளிவாக இருக்கிறது. 108 வரும், ஸ்ட்ரெச்சர் வரும், டாக்டர் வருவார். ஆனா, திரும்பி வரும் பாதை? அதற்கு ஒரு வாடகை வண்டியும் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஃபைலும்தான்.

பெரிய நகரத்தில் இருப்பவர் தெருமுனை பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய் ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டுவிடலாம். வேம்பாரில் இருப்பவர் அதைக் கேட்க, எழுந்து உட்கார முடியாத ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகணும். அதனால்தான் ஃபைலில் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் விலை, ஊர் தள்ளிப் போகப்போகக் கூடிக்கொண்டே போகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது?

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது அடிப்படையில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் கடிதம். என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன மருந்து, எப்போது மறுபடி வரணும். இந்தக் கேள்விகளுக்கு அது நன்றாகவே பதில் சொல்லும். காப்பீட்டுத் தொகை கேட்கவும் இதைத்தான் இணைக்கிறார்கள் என்பதால், ‘என்ன செய்தோம்’ என்ற பகுதி நீளமாகவே இருக்கும்.

அதில் பெரும்பாலும் இல்லாதது, ‘இந்த மனிதரால் இப்போது என்ன முடியும், என்ன முடியாது’ என்பது. தானாகத் திரும்பிப் படுக்கிறாரா? உட்கார வைத்தால் நிற்குமா, சாய்ந்துவிடுவாரா? தண்ணீரை முழுங்க முடிகிறதா? சிறுநீர் வருவது தெரிகிறதா? ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் எந்தப் பயிற்சி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்? அடுத்து எங்கிருந்து தொடங்கணும்?

நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, அது எழுதப்படுகிறது. இயலாமைக்கு ஒரு அளவு இருக்கிறது, அது எழுதப்படுவதில்லை. வார்டில் இருந்த பிசியோதெரபிஸ்டுக்கும் நர்ஸுக்கும் இதெல்லாம் தெரியும். ஆனா, நோயாளி வார்டு வாசலைத் தாண்டும்போது அந்த அறிவு அங்கேயே தங்கிவிடுகிறது.

‘மறுவாழ்வு’ன்னு சொன்னா என்ன நினைக்கிறோம்?

பிரச்னையில் ஒரு பாதி மொழியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரீஹாபிலிடேஷன்’ என்பதைத் தமிழில் ‘மறுவாழ்வு’ என்கிறோம். ஆனா ‘மறுவாழ்வு மையம்’ என்று ஒரு போர்டைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது குடிப்பழக்கத்தை நிறுத்தும் இடம். ‘மறுவாழ்வு முகாம்’ என்றால் இலங்கைத் தமிழர்கள் தங்கியிருக்கும் முகாம். 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரைத் தமிழக அரசு அப்படித்தான் மாற்றியது.

அதனால் ஒரு டாக்டர், ‘உங்க அப்பாவுக்கு மறுவாழ்வு சிகிச்சை தேவை’ என்றால், ‘அவர் குடிக்கிற ஆளே இல்லையே டாக்டர்’ என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட முடியாது. மிச்சமிருக்கும் சொல் ‘பிசியோ’. அதையும் பலர் ‘கை காலை நீவிவிடுறது’ என்றே புரிந்துகொள்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவிவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் ரொம்ப எளிமையானது. நோயோ காயமோ வந்த பிறகும், அன்றாட வேலைகளைத் தன்னால் முடிந்த அளவு தானே செய்துகொள்ளும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவது. சாப்பிடுவது, குளிப்பது, கழிவறைக்குப் போவது, பேசுவது, திரும்ப ஒரு வேலைக்குப் போவது எல்லாமே இதில் அடங்கும். 2019-ம் ஆண்டுக்கான கணக்குப்படி உலகில் சுமார் 240 கோடி பேருக்கு இப்படி ஒரு சேவையால் பயன் கிடைக்கக்கூடிய உடல்நிலை இருக்கிறது. 2017-ல் ‘ரீஹாபிலிடேஷன் 2030’ என்ற முயற்சியை அந்த நிறுவனம் தொடங்கியதும், 2023 மே மாதம் உலக சுகாதார மாநாடு இதற்காகத் தனித் தீர்மானம் நிறைவேற்றியதும் இந்தப் பின்னணியில்தான்.

ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும்?

நான்கு உதாரணங்கள் போதும்.

1. படுக்கைப் புண்: முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. ஒரே இடம் அழுந்திக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்திலேயே தோல் பாதிக்கப்படத் தொடங்கும். முதல் அறிகுறி, அழுத்தினாலும் மறையாத சிவப்புத் தடம் (கருத்த தோலில் அது நிறம் மாறிய தழும்பு மாதிரி தெரியும்). அப்போதே கவனித்தால் தப்பிக்கலாம். விட்டால் எலும்பு வரை போகும் புண், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. தடுக்க ஆகும் செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. நேரம் பார்த்துப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் மட்டும் வேணும்.

2. சிறுநீர் டியூப்: எந்தத் தேதியில் டியூப் போட்டார்கள், எப்போது மாற்றணும் என்று எழுதாமல் விட்டால், அடைப்போ கிருமித்தொற்றோ வந்த பிறகுதான் தெரியும். நெஞ்சின் நடுப்பகுதியிலோ அதற்கு மேலேயோ முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டியூப் அடைத்துக்கொண்டாலே ரத்த அழுத்தம் திடீரென எகிறி, மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வரும். விஷயம் தெரியாதவர் தலைவலி மாத்திரை கொடுப்பார். தெரிந்தவர் உடனே நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். இந்த வித்தியாசம் ஒரு உயிர்.

3. பக்கவாதம் வந்தவரின் தோள்: செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனா, தசை பிடிப்பு இல்லாத தோள் மூட்டு அதனால் நழுவும். வலி வந்தால் அந்தக் கையை அவர் அசைக்கவே மாட்டார். அதேபோல படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. இந்த ஒரு வாக்கியம் ஃபைலில் இருக்கணும்.

4. பாட்டியின் இடுப்பு எலும்பு: ஆபரேஷன் முடிந்த பிறகு காலை எப்போது ஊனலாம், எவ்வளவு பாரம் போடலாம் என்பது ஆபரேஷன் செய்தவர் சொல்லவேண்டியது. அதைச் சொல்லாவிட்டால் வீட்டில் பயந்துபோய் படுக்கையிலேயே வைத்துவிடுவார்கள். எலும்பு கூடிவிடும், ஆனா பாட்டி எழுந்திருக்கவே மாட்டார்.

நான்கிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பக்கவாதத்தில் உடல் மீண்டு வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடக்கும். மூட்டுகள் இறுகுவது, தசை கரைவது, புண் வருவது எல்லாம் தொடங்குவதும் அந்த முதல் வாரங்களில்தான். ‘ரிவ்யூவுக்கு வரும்போது பார்த்துக்கலாம்’ என்பதற்கு அங்கே இடம் இல்லை.

கேட்டது ஒருத்தர், பார்த்துக்கொள்வது இன்னொருத்தர்

‘நாங்க எல்லாத்தையும் வாயால சொல்லித்தான் அனுப்புறோம்’ என்பது ஆஸ்பத்திரிகள் தரப்பில் வரக்கூடிய பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நெரிசலான வார்டிலும் நர்ஸ்கள் நின்று சொல்கிறார்கள்.

ஆனா, டிஸ்சார்ஜ் நாளை நினைத்துப் பாருங்கள். கையெழுத்து, மருந்துக் கவுன்டர், காப்பீட்டு டெஸ்க், வண்டிக்குப் பேரம். இதற்கெல்லாம் ஓடுவது மகனோ மருமகனோ. நர்ஸ் சொல்வதைப் பாதி காதில் வாங்கிக்கொள்வதும் அவர்தான். வீட்டுக்குப் போனதும் அவர் கடலுக்கோ வேலைக்கோ போய்விடுவார். புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, டியூப் பையைக் காலி செய்வது எல்லாம் மனைவி அல்லது மகள் கைக்கு வரும். சொன்னதைக் கேட்டவர் ஒருத்தர், செய்யப்போகிறவர் இன்னொருத்தர். நடுவில் எழுதின தாள் இல்லை என்றால் தகவல் அங்கேயே உதிர்ந்துபோகும்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இந்த விஷயத்தில் தமிழ்நாடு வெறுங்கையோடு நிற்கவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவது என்றுதான் பலருக்கும் இது தெரியும். ஆனா இதே திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை கொடுப்பதும் உண்டு. வட்டார அளவில் பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் இதற்காக இருக்கிறார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48: 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பெயரே சொல்கிறது, இதன் கவனம் உயிரைக் காப்பதில். அது நியாயமும்கூட. ஆனா, காப்பாற்றப்பட்ட உயிர் 48-வது நாளில் எப்படி இருக்கிறது என்று கேட்க இன்னொரு ஏற்பாடு வேணும்.

உரிமைகள் திட்டம்: உலக வங்கி நிதியுதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடப்பது. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி போன்ற சேவைகளை ஒரே இடத்தில் தரும் ‘விழுதுகள்’ மையங்கள் இதன் ஒரு பகுதி.

ஆக, அனுப்பும் இடமும் இருக்கிறது, வாங்கிக்கொள்ளும் ஆளும் இருக்கிறார். நடுவில் இருக்கவேண்டிய தபால்தான் பலவீனம். மக்களைத் தேடி மருத்துவத்தின் அடிப்படை, பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது. ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே தகவல் வட்டாரத்துக்கு வந்துவிட்டால், அந்த வாரமே பயிற்சி தொடங்கலாம். வராவிட்டால், யாராவது வீட்டுக்கு வந்து பார்க்கும் வரை காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பில் கரைவது, மேலே சொன்ன முதல் வாரங்கள்.

வேலூரும் ஆய்க்குடியும் காட்டிய வழி

ஆஸ்பத்திரிக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி இந்தியாவிலேயே முதலில் யோசித்தவர்களில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இயங்கியவர்கள். இரண்டு பேருமே சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் உருவானது.

எஸ்.ராமகிருஷ்ணன் 1975-ல் இன்ஜினீயரிங் மாணவர். கடற்படை அதிகாரிக்கான உடல்திறன் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தன் ஊரான ஆய்க்குடியில் (இன்றைய தென்காசி மாவட்டம்) அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதில் இருக்கும் ‘அமர்’, அவருக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தென்மாவட்டங்களில் முதுகுத்தண்டு பாதித்தவர்களுக்கு இன்றும் தெரிந்த முக்கியமான முகவரிகளில் ஆய்க்குடி ஒன்று.

சிகிச்சை கொடுத்த டாக்டரின் பெயரை ஒருவர் தன் வாழ்நாள் வேலைக்கே வைக்கிறார் என்றால், அந்த டாக்டர் முதுகெலும்பை மட்டும் பார்த்திருக்க மாட்டார். அதற்கப்புறம் இந்தப் பையன் எப்படி வாழப்போகிறான் என்றும் பார்த்திருப்பார். ஒரு டாக்டரின் தனிப்பட்ட அக்கறையாக இருந்த அதை, எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரு நடைமுறையாக மாற்றுவது எப்படி என்பதுதான் இப்போதைய கேள்வி.

இங்கிலாந்து என்ன செய்தது?

இங்கிலாந்தில் 2012-ல் பெரிய விபத்துக் காயங்களுக்கான மருத்துவமனை வலைப்பின்னல் உருவானபோது, கூடவே ‘ரீஹாபிலிடேஷன் பிரிஸ்கிரிப்ஷன்’ என்ற தாளையும் கொண்டுவந்தார்கள். மருந்துச் சீட்டு மாதிரி, இது மறுவாழ்வுச் சீட்டு. நோயாளி அட்மிட் ஆன சில நாட்களுக்குள்ளேயே தேவைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கி, டிஸ்சார்ஜ் ஆகும்போது முடித்துக் கொடுப்பார்கள். ஒரு பிரதி நோயாளிக்கு, ஒரு பிரதி அவருடைய உள்ளூர் குடும்ப டாக்டருக்கு.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சீட்டை எழுதுவதை, மருத்துவமனைக்குக் கிடைக்கும் கூடுதல் தொகைக்கான நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தார்கள். நல்ல மனசை மட்டும் நம்பாமல், பணத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

இங்கேயும் அதற்கு இடம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. பக்கவாதம், முதுகுத்தண்டு, தலைக்காயம், இடுப்பு எலும்பு போன்ற சிகிச்சைகளுக்கு மட்டுமாவது, தமிழில் எழுதிய ஒரு பக்க மறுவாழ்வுச் சீட்டையும் இணைத்தால்தான் தொகை என்று சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் தானாக ஃபைலுக்குள் வந்துவிடும்.

பேப்பர் மட்டும் போதுமா?

போதாது. இதையும் இந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

‘அட்டெண்ட்’ என்ற பெயரில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பக்கவாதம் வந்த 1,250 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவில், வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் அவரே பயிற்சியைத் தொடரவைத்தார்கள். 2017-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த முடிவு பலரையும் யோசிக்கவைத்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருக்கும் நிலையில் இருந்தவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

அப்போ குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுப்பது வீணா? அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. புண் வராமல் பார்ப்பதற்கும், மூச்சுக்குழாயில் தண்ணீர் போகாமல் பார்ப்பதற்கும் குடும்பத்துக்குத் தகவல் கட்டாயம் வேணும். ஆனா, தொழில் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் செய்யவேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு, நோயாளி எழுந்து நடப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் அந்த ஆய்வு தரும் எச்சரிக்கை. அதனால் அந்த ஒரு பக்கம் இரண்டு பேருக்குப் போகணும். ஒன்று, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு. இன்னொன்று, வீட்டுக்கு வரப்போகும் வட்டார பிசியோதெரபிஸ்டுக்கு. கூடவே, ஒரு வட்டாரத்தில் எத்தனை கிராமம், அதற்கு எத்தனை பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கையும் அரசு பார்த்தாகணும். வாங்கிப் படிக்க ஆள் இல்லாத கடிதத்தை எழுதி என்ன பயன்?

அந்த ஒரு பக்கம் எப்படி இருக்கணும்?

ஆங்கிலச் சுருக்கெழுத்து வேண்டாம். ‘பேக் கேர், லிம்ப் பிசியோ’ என்ற அதே வரியை இப்படி எழுதலாம்:

‘இவரால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. இரவிலும் பகலிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும். தினமும் குளிப்பாட்டும்போது இடுப்பு, பின்பக்கம், குதிகால் ஆகிய இடங்களில் சிவப்போ கருப்போ தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், நர்ஸுக்குச் சொல்லவும். சிறுநீர் டியூப் போட்ட தேதி இது, மாற்றவேண்டிய தேதி இது. கால் மூட்டுகளைக் காலையும் மாலையும் நர்ஸ் காட்டியபடி மடக்கி நீட்டவும். முதுகைத் தாங்கி 15 நிமிடம் உட்கார வைக்கும் வரை பயிற்சி முடிந்திருக்கிறது. அடுத்தது சக்கர நாற்காலிக்கு மாறுவது. காய்ச்சல், திடீர் தலைவலி, டியூபில் சிறுநீர் வராமை, இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரவும்.’

இதில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. அடியில் எழுதியவரின் பெயர், வார்டு, அழைக்கவேண்டிய போன் நம்பர், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போயிருக்கிறது என்ற வரி. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகிறாரா?

நடைமுறை மாறும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியவை:

• டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே, வீட்டில் உண்மையாகப் பார்த்துக்கொள்ளப் போகிறவரை வார்டுக்கு அழைத்துப் போங்கள். புரட்டுவது, உட்கார வைப்பது, டியூப் பையைக் காலி செய்வதை நர்ஸ் முன்னால் அவரே ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

• பிசியோதெரபிஸ்டிடம் அனுமதி கேட்டு, பயிற்சியை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் தடவை சொல்வதைவிட அது உதவும்.

• ஐந்து கேள்விகளை விடாமல் கேளுங்கள்: இப்போ இவரால் என்ன முடியும்? என்ன செய்யவே கூடாது? தினமும் என்ன செய்யணும்? எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வரணும்? எங்க ஊரில் யார்கிட்ட போகணும்?

• ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் பெயரைச் சேருங்கள். ‘பிசியோதெரபி வேணும்’ என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

• சிகிச்சை ஆவணங்களின் நகல் வேண்டும் என்று எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி.

• பாதிப்பு நிரந்தரம் என்றால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முதுகுத்தண்டுவடம் பாதித்தவர்கள் உள்ளிட்டோருக்குத் தமிழக அரசின் மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது.

கடைசியாக...

மரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓட ஊரே வரும். ஆபரேஷனுக்குப் பெரிய டாக்டர்கள் வருவார்கள். லட்சக்கணக்கில் அரசு செலவு செய்யும். இவ்வளவும் செய்து காப்பாற்றிய மனிதர், நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்கணும் என்று தமிழில் யாரும் எழுதித் தராததால் மறுபடி படுக்கையில் விழுந்தால், அது விதி இல்லை. எழுதாமல் விட்ட ஒரு பக்கம்.

வேம்பாருக்குப் புதுசாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்ட வருஷங்கள் ஆகலாம். இந்த ஒரு பக்கத்தை நாளைக்குக் காலையிலேயே எழுதத் தொடங்கலாம்.